இரண்டு பக்கமும் எரித்த வருஷம்

எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது ஒரு கருவண்டு என் உள்ளங்கையில் கொட்டியது. ஏழு வயதுப் பெண்ணுக்கு ஒரு வண்டின் மேல் கோபம் வருவது பெரிய விஷயமல்ல. அந்தக் கோபத்துக்கு ஒரு பெரியவர் தீக்குச்சி உரசிக் கொடுத்ததுதான் விஷயமாகிப் போனது.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் போகும் ரயில் பாதையோரம், பெட்டாலிங்கைத் தாண்டி ஓர் இடத்தில் குடியிருந்தோம். ஆறு வீடுகளை ஒட்டிக் கட்டிய பலகை வரிசை. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டில் கேட்கும். அப்பா தண்டவாள வேலைக்காரர்களுக்கு மண்டோர். பன்னிரண்டு பேரை வைத்து வேலை வாங்குபவர். பாதையின் இரண்டு பக்கமும் ஆளுயரப் புதர். லாலாங் புல்லும், அதன் நடுவே மலாய்க்காரர்கள் செண்டுடுக் என்று சொல்லும் ஊதாப் பூச் செடியும் மண்டிக் கிடக்கும். அதன் பழத்தைத் தின்றால் நாக்கு கறுத்துப் போகும். நாக்கைக் காட்டிப் பேய் என்று ஒருவரை ஒருவர் பயமுறுத்துவதுதான் எங்களுக்கு விளையாட்டு.

போகிற ரயில் என்ஜின் நெருப்புப் பொறியைக் கக்கிக்கொண்டே போகும். காய்ந்த லாலாங்கில் ஒரு பொறி விழுந்தால் தீ வீடுவரை வந்துவிடும். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை, மழை ஓய்ந்திருக்கும் சில வாரங்களில், ஆட்களே பாராங் கத்தியால் புதரை வெட்டிச் சாய்த்து, காயவிட்டு, தாங்களே கொளுத்திவிடுவார்கள். அப்பா ஒரு வருஷம் வீட்டுப் பக்கம், மறு வருஷம் எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றித்தான் எரிப்பார். அதில் ஆழ்ந்த யோசனை ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. பன்னிரண்டு பேரால் இரண்டு பக்கத் தீயையும் ஒரே நேரத்தில் காவல் காக்க முடியாது, அவ்வளவுதான்.

வீட்டுக்குப் பின்னால் அம்மா தோட்டம் போட்டிருந்தாள். கீரை, வெள்ளரி, முக்கியமாகப் பூசணி. தோட்டம் அம்மாவுடையது என்று சொன்னாலும் பாதி உழைப்பு அடுத்த வீட்டுப் பெரியம்மாவுடையது. சொந்தப் பெரியம்மா அல்ல. அவருடைய வீட்டுக்காரர் ஸ்டேஷனில் ரயிலுக்குப் பாதை மாற்றிவிடும் வேலையில் இருந்தார். வேதக்காரர்கள். அவர்களுக்குப் பிள்ளையில்லை. விடிந்ததும் பெரியம்மா ஜெபத்தை முடித்துவிட்டு நேரே தோட்டத்துக்கு வந்து, வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து அம்மாவைக் கூப்பிடுவார்.

“இங்க வாம்மா, வந்து பாரு. இன்னைக்கு எத்தனை பூ!”

அம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடுவாள். இருவரும் பூவை எண்ணிச் சிரிப்பார்கள். பூவில் என்ன சிரிப்பு இருக்கிறது என்று எனக்குப் புரியாது.

அந்த வருஷம் அம்மா மாசமாக இருந்தாள். அப்பாவுக்கு மலேரியா வந்து, நடுங்க நடுங்க அவரைக் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பும்வரை வேலையைப் பார்த்துக்கொண்டவர் சித்தப்பா. அப்பாவின் தம்பி, அதே கூட்டத்தில் ஓர் ஆள். அண்ணன் நிதானமாகச் செய்வதையெல்லாம் தான் ஒரு மூச்சில் செய்துவிட முடியும் என்று நம்பியவர். என்மேல் உயிர்.

வண்டு கொட்டியது அந்த நாட்களில்தான். ஒரு ஊதாப் பூவை அப்படியே கைக்குள் பொத்திப் பறித்தேன். உள்ளே அது இருந்தது. கை மணிக்கட்டுவரை வீங்கிவிட்டது. பெரியம்மா சுண்ணாம்பு தடவினார். சித்தப்பா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“எந்த வண்டு லா எங்க பிள்ளையைக் கொட்டுனது?”

“அந்த சிலிப்பர் கட்டையில இருக்கும்ல, அதான்.”

பாதையிலிருந்து கழற்றிப் போட்ட பழைய மரக்கட்டைகள் புதருக்குள் குவிந்து கிடந்தன. வண்டுகள் அவற்றில் விரல் நுழையும் அளவுக்குத் துளைபோட்டுக் குடியிருந்தன. ஓரமாய் ஒரு பட்ட மரத்தின் பொந்தில் கொசுத்தேனீக்களும் மொய்க்கும்.

“அதோட வீட்டையே கொளுத்திருவோமா?”

“எல்லா வீட்டையும் கொளுத்துங்க, சித்தப்பா.”

“எதிர்ப்பக்கம் அடுத்த வருஷத்துக்கும்மா. உங்கப்பா கணக்கு அது.”

“அங்கயும் வண்டு இருக்கு.”

அவர் சிரித்தார். “சரி லா. மகாராணி சொல்லிட்டாங்க.”

நான் சொன்னதற்காக மட்டும் அவர் செய்தார் என்று சொல்ல மாட்டேன். அண்ணன் வருவதற்குள் தன் திறமையைக் காட்ட அவருக்கு ஆசை இருந்தது. ஆனால் கேட்டது நான். நாலு நாள் கழித்து, காற்றே இல்லாத ஒரு காலையில், இரண்டு பக்கமும் எரிந்தன. சிலிப்பர் கட்டைகள் மறுநாள்வரை கனன்றன. பட்ட மரம் நடுவில் பிளந்து விழுந்தது. வீங்கிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு, வாசற்படியில் நின்று நான் கைதட்ட முடியாமல் காலைத் தட்டினேன்.

அப்பா மெலிந்து திரும்பி வந்தார். பாதையின் இரு பக்கமும் கரிக்கோடு போல நீண்டு கிடந்ததைப் பார்த்தார்.

“ரெண்டு பக்கமுமா?”

“காத்தே இல்லண்ணே. ஒரே நாள்ல முடிச்சுட்டோம்.”

சித்தப்பா என் பெயரை எடுக்கவில்லை. அப்பாவும் மேற்கொண்டு கேட்கவில்லை. தள்ளுவண்டியில் பாதையைப் பார்க்க வந்த துரை, சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்.

பூசணிக் கொடி அந்த முறை என்றும் இல்லாதபடி படர்ந்தது. இலை ஒவ்வொன்றும் தாம்பாளம் போல. விடிந்தால் மஞ்சள் மஞ்சளாகப் பூ. பூவுக்குக் கீழே கோலிக்குண்டு அளவுக்குப் பிஞ்சும் இருக்கும். ஆனால் நாலாம் நாள் அது வெளுத்து, வெம்பி, தொட்டால் உதிர்ந்துவிடும். வெள்ளரியும் அப்படியே, ஒன்றிரண்டு நின்றவையும் கோணலாகச் சுருண்டன. கீரைக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. அம்மா சாணி போட்டாள், சாம்பல் போட்டாள், தண்ணீரைக் கூட்டினாள், குறைத்தாள். பெரியம்மாவும் கூடவே நின்று, “இத்தனை பூ பூத்தும் ஏம்மா நிக்க மாட்டேங்குது?” என்று தினமும் வருத்தப்பட்டார்.

அந்த வருத்தமே அவருக்கு எதிராகத் திரும்பியது. கடைசி வீட்டு அத்தை ஒருநாள் அம்மாவின் காதருகே வந்து சொன்னாள்.

“பிள்ளை இல்லாதவ தினம் வந்து பூவை எண்ணிட்டுப் போறா. பிஞ்சு எப்படி நிக்கும்? நீ வேற வயித்துப் பிள்ளைக்காரி.”

“சும்மா இருங்க. அக்கா அப்படியெல்லாம் இல்ல” என்றாள் அம்மா. ஆனால் அன்று சாயங்காலமே தோட்டத்தில் ஒரு சட்டிக்குச் சுண்ணாம்பு பூசிக் கரும்புள்ளி குத்திக் கவிழ்த்து வைத்தாள். அடுத்த வாரம் வேலிப் படலை இழுத்துக் கட்டி வழியை அடைத்துவிட்டாள். காலையில் பெரியம்மா கூப்பிட்டால் அடுப்பில் வேலை இருப்பதாகச் சொன்னாள். அம்மா கெட்டவள் அல்ல. எனக்குமுன் இரண்டு பிள்ளைகளைப் பிறந்த கையோடு பறிகொடுத்தவள். அவளுக்குப் பயம்.

நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். புதரை எரிக்கச் சொன்னது நான்தான் என்று யாரிடமாவது சொல்லலாமா என்று ஓரிரு முறை நினைத்ததுண்டு. அடி விழும் என்று சொல்லவில்லை. பூசணிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்பது என் புத்திக்கு மட்டுமல்ல, அங்கே யார் புத்திக்கும் எட்டவில்லை.

தம்பி நல்லபடியாகப் பிறந்தான். ஒரு வாரம் கழித்து ஒரு மத்தியானம் பெரியம்மா எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் வெள்ளைத் துணியில் தைத்த சின்னச் சட்டை. கழுத்தைச் சுற்றி நீல நூலில் பூ வேலை. அம்மா உள்ளறையிலிருந்து என்னைக் கையசைத்துக் கூப்பிட்டு, “தூங்குறேன்னு சொல்லு” என்றாள்.

நான் ஓடி வந்து கதவை மறித்து நின்றேன். “அம்மா தூங்குறாங்க, பெரியம்மா.”

உள்ளே தம்பி சிணுங்கினான். அம்மா மெல்லத் தாலாட்டத் தொடங்கினாள். பெரியம்மா கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

“சரி சாமி, எழுப்பாத. நல்லா தூங்கட்டும்” என்று சொல்லி, சட்டையை என் கையில் கொடுத்து, என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

நான் உள்ளே ஓடி, “நம்பிட்டாங்கம்மா” என்றேன். அம்மா சட்டையை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தாள். அந்தச் சட்டையைத் தம்பிக்கு ஒருநாளும் போடவில்லை. இரண்டு மாதத்தில் பெரியம்மா வீட்டுக்காரரை ரவாங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

பிறகு நான் கல்யாணமாகிக் கிள்ளானுக்குப் போனேன். வீட்டுக்கு அருகே ஒரு சீன அம்மாள் காய்கறித் தோட்டம் வைத்திருந்தார். ஒருநாள் காலை கீரை வாங்கப் போனபோது, அவர் ஒரு பூசணிப் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளி எறிந்துவிட்டு, நடுத்தண்டை வேறொரு பூவுக்குள் விட்டுத் தடவிக்கொண்டிருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். தோட்டத்துக்கு அப்பால், சாலை போடுவதற்காக எரித்துக் கறுத்துக் கிடந்த புதரைக் காட்டினார்.

“லெபா சுடா ஹாபிஸ்.”

தேனீ, வண்டு எல்லாம் போய்விட்டன, அவை செய்கிற வேலையை இனி நான்தான் செய்ய வேண்டும் என்று கையாலும் வாயாலும் விளக்கினார். தடவாவிட்டால் பிஞ்சு நிற்காது, உதிர்ந்துவிடும் என்றார். கீரை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த வாரமே ரயிலேறி, அப்போது பிரிக்பீல்ட்ஸுக்குக் குடிமாறியிருந்த அம்மாவிடம் போனேன். வண்டு கொட்டியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவள் கை நின்றது. என்னைத் திட்டவில்லை.

“அக்கா எங்க இருக்காங்கன்னு உங்கப்பாவை விசாரிக்கச் சொல்லு” என்றாள்.

அப்பா விசாரித்தார். பெரியம்மாவின் வீட்டுக்காரர் ரவாங்கிலேயே இறந்துபோயிருந்தார். பெரியம்மா அதன்பின் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டாராம். எந்த ஊர் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

செய்தி வந்த அன்று நான் மறுபடி அம்மாவிடம் போயிருந்தேன். “அவங்களுக்குக் கேட்டிருக்கும்டி” என்றாள்.

“என்னதும்மா?”

“நான் தாலாட்டுனது.”

நான் சொன்ன பொய் பலித்துவிட்டதாக அன்றுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.