அக்கா கேட்காத கேள்வி

துறைமுகத்துக்குள் இருந்த ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் நான் தட்டெழுத்தாளராக வேலை பார்த்தேன். என் வேகத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. எழுபதுகளின் கடைசியில் அந்தத் திமிருக்கு அடி விழுந்தது. ஓர் எழுத்தை அடித்தால் பக்கத்து எழுத்தும் சேர்ந்து விழுந்தது. விரல்கள் தடித்திருந்தன. சவர்க்காரம் போட்டும் மோதிரம் கழலவில்லை. செருப்பு இரண்டு அளவு கூடிவிட்டது. நான் இயந்திரத்தைத் திட்டிவிட்டு அதற்கு எண்ணெய் போட்டேன்.

அது வெளியில் தெரிந்த கோளாறு. தெரியாத கோளாறு ஒன்றும் இருந்தது. மாதவிலக்கு நின்று பல மாதங்கள். சட்டையின் மார்புப் பக்கம் அடிக்கடி ஈரமாகும். பால்தான். எனக்கு வயது முப்பது, கலியாணம் ஆகவில்லை. யாரிடம் போய் என்னவென்று சொல்வது?

உப்புவெளியில் அக்கா குடும்பத்தோடு இருந்தேன். அம்மா அப்பா போன பிறகு எனக்கு எல்லாம் அவள்தான். கொடியில் என் விலக்குத் துணி காயாததை அவள் கவனித்திருக்கிறாள். ஒருநாள் தோய்க்க எடுத்த என் சட்டையை முகர்ந்து பார்த்தாள். அதன் பிறகு என்னோடு கதையில்லை. சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். எனக்கு வாய் நீளம். கேட்காதவளுக்கு என்ன பதில் சொல்வது? அழுகையைவிடக் கோபம்தான் கூட வந்தது.

ஒரு திங்கட்கிழமை துறைமுக வாசலில் காவலாளி என்னை மறித்தார். கிண்ணியாக்காரர். மூன்று வருடம் கொழும்புத் துறைமுகத்தில் இருந்துவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தார். பாஸில் இருந்த படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது ஆர்ட பாஸ்?"

"என்ட தான்."

"பகிடி விடாதீங்க. இந்தப் பிள்ளைய எனக்குத் தெரியும். நீங்க அவட அக்காவா?"

பிறந்த திகதியை ஒப்புவித்த பிறகுதான் உள்ளே விட்டார். விட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "குறை நினைக்காதீங்க. ஒருக்கா டொக்டரிட்டப் போங்க. இந்தப் படத்தையும் கொண்டு போங்க."

தினமும் பார்த்தவர்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்தது. கண்ணாடி முன் நின்று படத்தை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். என் மூக்கு அகன்று, தாடை முன்னே தள்ளியிருந்தது. அப்போதுதான் பயந்தேன்.

ஊர் டொக்டர் கொழும்புக்குக் கடிதம் தந்தார். அக்கா துணைக்கு வந்தாள். கொழும்பு டொக்டர் பாஸைப் பார்த்தார், கையைப் பார்த்தார், தலையை எக்ஸ்ரே எடுப்பித்தார். பிறகு, காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்பதுபோல, "மாதவிலக்கு நிண்டிட்டுதா? பால் வருகுதா?" என்றார்.

ஒரு மனிதன் கேட்டுவிட்டான்! "ஓம்" என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"மூளைக்குக் கீழ கடலையளவு ஒரு சுரப்பி இருக்கு. அதில ஒரு கட்டி. உடம்பை வளர்க்கிற ஓமோனையும் பால் சுரக்க வைக்கிற ஓமோனையும் அந்த ஒரு கட்டிதான் விடுது. வளர விட்டா கண் நரம்பை அமத்தும். எடுக்க வேணும்."

அக்கா கதிரை நுனிக்கு வந்தாள். என் கண்ணைப் பற்றி அவள் கேட்கவில்லை. "அப்ப டொக்டர், இவள்... ஆரோடையும்...?"

"ஒருத்தரோடையும் இல்லையம்மா. எல்லாம் இந்தக் கட்டியின்ட வேலை."

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் ஆறுதல் சொல்லவில்லை. அத்தனை மாதக் கோபம் ஒரு நிமிடத்தில் ஆறுமா?

மேலுதட்டுக்கு உள்ளால், மூக்கு வழியாகப் போய்க் கட்டியை எடுத்தார்கள். மோதிரம் கழன்றது. தாடை மட்டும் அப்படியே நின்றது. வளர்ந்த எலும்பு வளர்ந்ததுதான். புதுப் படம் எடுத்துப் புதுப் பாஸ் வாங்கினேன். கிண்ணியாக்காரர் பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்றார்.

"இனி மாறமாட்டன்" என்றேன்.

நாலாம் மாதம் ஒரு காலை என் விலக்குத் துணி மறுபடி கொடியில் காய்ந்தது. வேலைக்கு வெளிக்கிட்டுக் குசினிக்குள் போனேன். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் விட்ட கோப்பையோடு அக்கா நின்றாள். அடுப்பில் உழுத்தங்களி. பெரியபிள்ளையான சிறுமிக்குக் கொடுக்கும் சாப்பாடு. பதின்மூன்று வயதில் அம்மா மூக்கைப் பிடித்து எனக்குப் பருக்கியது.

"என்னக்கா, பகிடியா? எனக்கு முப்பத்தொரு வயசு."

"குடி" என்றாள். "நான் உன்னட்டக் கேட்டிருக்க வேணும்."

அந்த எண்ணெய் மணமே எனக்குக் குமட்டும். கோப்பையை வாங்கி ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன்.