யானையின் இடது காது

இரண்டாவது சுற்றில் விசில் ஊதினார்கள்.

"மாஷிமா, உல்டோ! உல்டோ!" சித்தி, எதிர்த்திசையில் போகிறீர்கள் என்று பந்தல் கமிட்டி ரஞ்சன் வங்காளத்தில் கத்திக் கையை ஆட்டினான். பூஜைக் கூட்டம் முழுக்க இடமாக நகர, ஜகதாம்பாள் மட்டும் எல்லோரையும் இடித்துக்கொண்டு வலமாக வந்தாள்.

பாலிகஞ்சில் இந்த வருடப் பூஜைப் பந்தல் அவளுடைய ஊர்க் கோயிலின் செட். மூங்கில், பிளைவுட், தெர்மகோல், பிராகாரம்கூட இருந்தது. மகள் ஹம்சினிக்கு நல்லபடியாகப் பிரசவமானால் தீபாவளிக்குள் ஊருக்குப் போய் அந்த அசல் கோயிலை ஒன்பது முறை வலம் வருவதாக வேண்டுதல். பேத்தி பிறந்து பதினேழு நாளாகிறது. ஹவுரா ரயிலில் டிக்கெட் இன்னும் வெயிட்டிங் லிஸ்ட்டில்.

"இது செட்டுடி. வேண்டுதல் செல்லாது" என்று கணவர் சிவராமகிருஷ்ணன் வாசலிலேயே சொல்லியிருந்தார். வியாழக்கிழமைகளில் வேதாந்த வகுப்புக்குப் போகிறவர்.

"அசல் கோயிலும் மாயைன்னுதானே வகுப்புல சொல்றா?"

"அது வியாவஹாரிகம். ஊர் உலகத்துக்கெல்லாம் பொது. இது பிராதிபாசிகம், வெறும் தோற்றம். அஞ்சு நாள்ல பிரிச்சுடுவா."

"அசலை எப்போ பிரிப்பா?"

"அதுக்கு... நாளாகும்."

ஜகதாம்பாள் அலிப்பூர் கோர்ட்டில் நகல் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தவள். அசலோடு வரிக்கு வரி ஒப்பிட்டு 'உண்மை நகல்' என்று முத்திரை குத்துவது வேலை. குத்திய பிறகு அசல் எங்கே என்று யாரும் கேட்டதில்லை. இங்கேயும் முதலில் ஒப்பிட்டாள். தூண் பன்னிரண்டு, சரி. குங்குமம் கொட்டும் குழி, சரி. ஊரில் தெற்கு மூலைக் கல்யானைக்கு இடது காது உடைந்திருக்கும். தெர்மகோல் யானைக்கும் உடைந்திருந்தது. சிரித்துவிட்டாள். முஷ்டியால் உள்ளங்கையில் ஒரு குத்து. பிறகுதான் நடக்க ஆரம்பித்தாள்.

"எங்க பக்கம் இப்படித்தான் சுத்தணும், ரஞ்சன்" என்றாள் வங்காளத்தில், விசிலுக்கு நிற்காமல்.

ரஞ்சன் மைக்கைப் பிடித்தான். தென்னாட்டு முறைப்படி எல்லோரும் திரும்பவும் என்றான். கூட்டம் திரும்பியது. பலூன், ஐஸ்கிரீம், செல்ஃபிக்குச்சி எல்லாம் வலமாக. வாசலில் நின்ற சிவராமகிருஷ்ணனையும் அள்ளிக்கொண்டு வந்தது. மணி அடித்தது. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். காலில் செருப்பு இல்லை.

"பிராதிபாசிகத்துக்கா?" என்று கத்தினாள்.

"பழக்கம்டி!"

ஏழாவது சுற்றில் தலை சுற்றியது. கோபுரமும் சுற்றியது. யார் யாரைச் சுற்றுகிறார்கள் என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே ஒன்பதை முடித்து, யானைமேல் சாய்ந்தாள்.

ரஞ்சன் ஓடிவந்தான். "காதைப் பார்க்காதீங்க, மாஷிமா. நேத்துதான் ஏணி பட்டு உடைஞ்சுது."

ஜகதாம்பாள் கணவரைப் பார்த்தாள்.

"அங்கேயும் ஏணிதான். கும்பாபிஷேகத்தப்போ" என்றார் அவர். இருவரும் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு டிக்கெட் உறுதியானதாகச் செய்தி வந்தது. ஜகதாம்பாள் ரத்து செய்தாள். சிவராமகிருஷ்ணன் பெட்டியைப் பரணில் ஏற்றினார். பதினோரு மணிக்கு ரஞ்சன் வந்து, யானைக்குக் காது ஒட்டியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனான்.