காட்சிக்கு வைத்த நெல்

தை அறுவடை முடிந்த கையோடு என் மனைவி சிங்கப்பூர் போனாள். மகளுக்குப் பிரசவம். மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுப் போனவள், ஆடி பிறக்கப் போகிற நேரத்திலும் திரும்பவில்லை. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், வயலுக்கு நடுவே இருக்கும் எங்கள் வீட்டில், ரசம் என்ற பெயரில் ஏதோ ஒன்றை நானே வைத்து நானே குடித்துக்கொண்டிருந்தேன்.

தினமும் சாயந்திரம் அவளிடமிருந்து போன் வரும். "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு." "மழையா?" "இல்லை." "மாத்திரை?" "ஆச்சு." பிறகு திரையில் பேத்தியின் கால் விரலோ காதோ தெரியும். அது அழும். அவள் எழுந்துவிடுவாள். முடிந்தது. கடன் வேணுமா சார் என்று கேட்டுப் போன் செய்கிற பெண்கூட என்னிடம் இதைவிட அதிகம் பேசுகிறாள். நானும் அந்தப் பெண்ணை லேசில் விடுவதில்லை. வட்டி விகிதத்திலிருந்து அவள் ஊரில் என்ன குழம்பு என்பது வரை விசாரித்த பிறகுதான் வேண்டாம் என்பேன்.

மேட்டூரைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. எங்கள் வாய்க்காலில் மட்டும் தண்ணீர் தலைகாட்டவில்லை. வயலில் வேலை இல்லை. வீட்டில் ஆள் இல்லை. அப்படி ஒருநாள் காலையில் பழைய சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் மனைவி பிறந்தது கடலோரம், ஒரு பழைய துறைமுக ஊரில். அங்கே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளே போய் அவளுக்கு வீடியோ போட்டு, கப்பலையும் கலங்கரை விளக்கத்தையும் காட்டினால், ஊர் ஞாபகம் பொங்கி, அடுத்த விமானத்தைப் பிடித்து வந்துவிடுவாள். மனைவியை வரவழைக்க அருங்காட்சியகத்தை நம்பிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

திருவாரூர் வழியாகப் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். டிக்கெட் கொடுத்த பெண்மணிக்கு ஐம்பது வயது இருக்கலாம். என்னைப் பார்த்ததும், யாரையோ தேடி வந்திருக்கிறேன் என்று நினைத்தார்.

"ஆபீசர் லீவுங்க."

"நான் மியூசியம் பாக்க வந்தேம்மா."

"தனியாவா?" என்றார். பிறகு, கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியதோ என்னவோ, எழுந்து வந்து விளக்குகளைப் போட்டார். எனக்காக மட்டும் ஒரு கூடம் முழுக்க விளக்கு எரிந்தது. மாப்பிள்ளை அழைப்பில்கூட எனக்கு இவ்வளவு மரியாதை நடக்கவில்லை.

மனைவியை அழைத்தேன். சிங்கப்பூரில் அது மத்தியானம், குழந்தை தூங்குகிற நேரம். என்னைத் திரையில் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"என்னங்க, இந்த நேரத்துல? உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. எங்க இருக்கேன் பாரு."

ஒவ்வொன்றாகக் காட்டினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பாய்மரக் கப்பலின் சின்ன உருவம். துரு ஏறிய நங்கூரம். கப்பலில் மலாயா போனவர்கள் கொண்டுபோன தகரப் பெட்டி. "ம்", "ம்" என்றாள். பொங்கும் என்று எதிர்பார்த்த ஞாபகம் பொங்கவில்லை. குழந்தை தூங்குவதால் குசுகுசுவென்றுதான் பேசினாள். "சரி, வெயில்ல அலையாதீங்க" என்றாள். போனை வைக்கப் போகிறாள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

"இரு, இரு, இன்னும் ஒண்ணு" என்று அடுத்த கூடத்துக்கு ஓடினேன். அங்கே ஒரு நிஜத் தோணியையே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். இலங்கைக்கு நெல் ஏற்றிப் போன தோணி என்று பலகை சொன்னது. அதற்குள் சாக்கு மூட்டைகள் அடுக்கியிருந்தன. முன்னால் இருந்த மூட்டையின் வாய் பிரிந்து, நெல் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததற்கு என் மூளை பொறுப்பல்ல. எங்கள் பக்கத்து ஆண்கள் திறந்த நெல் மூட்டையைச் சும்மா கடந்து போக மாட்டார்கள். கல்யாண வீட்டில் அடுக்கியிருந்தாலும் சரி, அடுத்தவன் களத்தில் கிடந்தாலும் சரி, கை தானாக உள்ளே போகும். ஒரு பிடி அள்ளும். உள்ளங்கையில் தேய்த்து ஊதும். ஒரு நெல்லை எடுத்துப் பல்லுக்கு நடுவே வைத்துக் கடிக்கும். 'கடுக்' என்று உடைந்தால் காய்ந்த நெல். கொள்முதல் நிலையத்துக்காரர் மிஷினை வைத்து ஈரப்பதம் பார்ப்பதற்கு முன்பே நாங்கள் பல்லில் பார்த்துவிடுவோம்.

இது 'கடுக்' என்று உடையவில்லை. நசுங்கியது. கடல் காற்று.

"இன்னும் ரெண்டு வெயில் காயணும்" என்றேன், வாய்க்குள் நெல்லோடு.

பின்னாலிருந்து அந்தப் பெண்மணியின் குரல் வந்தது. "சார், அது காட்சிப் பொருள்."

"தெரியும்மா, சும்மா ஈரம் பாத்தேன்."

"அதுல பூச்சி மருந்து போட்டிருக்கோம்."

"எப்ப?"

"முந்தாநாள்."

கையிலிருந்த போன் அலறியது. குழந்தை தூங்குவதை மறந்து, "துப்புங்க, முதல்ல துப்புங்க" என்றாள் என் மனைவி.

"மியூசியத்துலயா?"

"எங்கயாவது துப்பித் தொலைங்க."

அந்தப் பெண்மணி போனை வாங்கிக்கொண்டு, வாசல் பக்கம் இருந்த குழாயைக் காட்டினார். ஓடினேன். கொப்பளித்தேன், துப்பினேன், மறுபடி கொப்பளித்தேன். நாக்கை நீட்டி, நிறுத்தியிருந்த பைக்கின் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். காவிரி டெல்டாவின் விவசாயி ஒருவன் ஒற்றை நெல்லால் செத்தான் என்று நாளைக்குப் பேப்பரில் வந்தால், ஊரில் எவனும் துக்கத்துக்கு வர மாட்டான். சிரித்து முடிக்கவே நேரம் போதாது.

நிதானமாகி உள்ளே திரும்பினேன். அந்தப் பெண்மணி நாற்காலியில் உட்கார்ந்து, போனை மேசையில் சாய்த்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"நீங்க எந்தத் தெருக்கா?"

"லைட் ஹவுசுக்குப் பின்னாடிம்மா. எங்கப்பா ஹார்பர்ல வேலை பாத்தாரு."

"அய்ய, அந்தக் கிணத்துக்குப் பக்கத்துலயா? அந்த வீட்ல எங்க பெரியம்மாதான்க்கா இருக்காங்க. இப்ப மாடி கட்டிட்டாங்க."

"அந்த முருங்க மரம் இருக்கா?"

"மரமா, சுனாமிலயே போச்சுக்கா."

பேச்சு அடுத்த தெருவுக்குப் போனது. அங்கிருந்து மீன் விலைக்கு, பள்ளிக்கூடத்து டீச்சருக்கு. என் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. நான் தூணோரமாக, வாய் துடைத்த துண்டோடு நின்றேன். அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனவன் நான். அங்கே ஒரு முருங்கை மரம் இருந்தது எனக்கு நினைவில்லை. குறுக்கே போய் ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். சொல்வதற்கு என்னிடம் வாய்க்கால் நிலவரம் ஒன்றுதான் இருந்தது.

ஒருவழியாகப் போன் என் கைக்கு வந்தது.

"நாக்கு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. அத விடு. எப்ப வர்றே?"

இவ்வளவு மாதத்தில் இதை நேராகக் கேட்டது அன்றைக்குத்தான்.

"தையில வரலாம்னு பாத்தேன். அது ஆகாது போலருக்குங்க. குழந்தை என்கிட்டதான் தூங்குது. அவ வேலைக்குப் போவணும்ல."

"அதுக்கு அடுத்த வருஷமா?"

"நீங்க இங்க வந்துடுங்களேன். நிலத்தக் குத்தகைக்கு விட்டுட்டு."

"அங்க வந்து நான் என்ன செய்யறது?"

"அங்க என்ன செய்யறீங்க? மியூசியத்துல போயி நெல்லக் கடிக்கிறீங்க."

சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது, நன்றாகத்தான் சொன்னாள். "பாப்போம்" என்றேன். எங்கள் வீட்டில் பார்ப்போம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். அவள் வற்புறுத்தவில்லை. நானும் வா என்று இன்னொரு தடவை சொல்லவில்லை. அதற்குள் குழந்தை விழித்துக்கொண்டது. "வச்சுடறேங்க. நிறைய தண்ணி குடிங்க" என்றாள்.

"அக்கா எப்ப சார் வர்றாங்க?" என்று அந்தப் பெண்மணி கேட்டார்.

"தையில" என்றேன்.

"வந்ததும் இங்க கூட்டியாங்க. பெரியம்மா வீட்டுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

சரி என்றேன். பஸ்ஸுக்குப் போகலாம்தான். ஆனால் போய் உலை வைக்க வேண்டும் என்ற நினைப்பு வந்ததும் கால் நகரவில்லை. மாடியில் இன்னொரு கூடம் இருப்பதாக அம்புக்குறி காட்டியது. ஏறினேன். அங்கே நாணயங்கள், சங்குகள், எந்தக் கப்பலில் வந்ததோ தெரியாத உடைந்த பீங்கான் தட்டுகள். ஒரு ஆள் இல்லை. முதல் பலகையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றையும் வாய்விட்டே படித்துக்கொண்டு போனேன். பீங்கானுக்கு வந்தபோது கீழேயிருந்து குரல் கேட்டது.

"மேல யாரு சார் கூட?"

"யாருமில்லம்மா" என்று சொல்லிவிட்டு, அடுத்த பலகையைக் கொஞ்சம் மெதுவாகப் படித்தேன்.