பின்வரிசையில் ஒரு கை

பக்தவச்சலம் கட்டைவிரலை மேல்நோக்கி ஆட்டிக்கொண்டிருக்கிறார். மேடையில் நிற்பவர் தேனீக்களைப் பற்றிப் பேச வந்த கல்லூரி ஆசிரியர், இந்தப் பக்கத்துக்குப் புதியவர். கடைசி வரிசையில் ஜன்னலோரமாக, காக்கி அரைக்கால் சட்டையும் தோளில் ஈரத் துண்டுமாக ஓர் ஆள் எதற்காகத் தன்னைப் பார்த்து விரலை ஆட்டுகிறான் என்று அவருக்கு விளங்கவில்லை. சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்கிறார். "சத்தமா பேசச் சொல்றாரு சார்" என்று முன்வரிசையில் யாரோ எடுத்துச் சொன்ன பிறகுதான் குரல் எழும்புகிறது. விரல் நின்றுவிடுகிறது.

ராயபுரம் கிளை நூலகத்தின் பின்கூடத்தில் புதன்கிழமை தோறும் நடுப்பகலில் ஒரு சொற்பொழிவோ பாட்டோ கதையோ உண்டு. அனுமதி இலவசம். துறைமுகத்திலும் பக்கத்துப் பட்டறைகளிலும் அது சாப்பாட்டு நேரம். அவசர அவசரமாகச் சோற்றை விழுங்கிவிட்டுக் கை ஈரம் காயாமல் வந்து உட்காருவார்கள். வேலைக்குத் திரும்பச் சொல்லித் துறைமுகத்துச் சங்கு ஊதிவிட்டால் கூட்டம் எழுந்துவிடும். பேசுகிறவர் அப்போது வாக்கியத்தின் எந்த மூலையில் இருக்கிறார் என்பதைப் பற்றி யாருக்கும் கவலை கிடையாது.

சங்கைவிடப் பெரிய தொல்லை ரயில். கூடத்தின் பின்சுவருக்கு அப்பால் துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் பாதை. வண்டி வந்தால் மேடையில் இருப்பவரின் வாய் மட்டும்தான் அசையும். சொற்பொழிவுக்கு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த புண்ணியவான் யார் என்று நான் இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பக்கத்துக் கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை எனக்கு. தயிர்சாதம் சாப்பிட நிழல் தேடி வந்து, பக்தவச்சலத்துக்கு முந்தின வரிசையில் நிரந்தரமாகத் தங்கிவிட்டவன்.

கப்பலில் சரக்கு இறக்கும்போது, அதைத் தூக்கி இறக்கும் விஞ்ச் இயந்திரத்தை ஓட்டுகிறவனுக்குக் கப்பலின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாது. மேல்தளத்தில், சரக்கறையின் வாயோரம் நின்று குனிந்து பார்த்துக் கையால் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அதுதான் பக்தவச்சலத்தின் உத்தியோகம். கட்டைவிரல் மேலே போனால் ஏற்று. உள்ளங்கை கவிழ்ந்தால் மெல்ல இறக்கு. முஷ்டியை மடக்கித் தூக்கினால் அப்படியே நிறுத்து. கடைசியாக ஒன்று உண்டு. சரக்கு தரையில் உட்கார்ந்து, கீழே இருப்பவர்கள் நல்லபடியாக விலகி நின்ற பிறகு, இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டுவார். அப்போதுதான் கொக்கியைக் கழற்றலாம்.

"அந்த ரெண்டு கைய விரிக்கற வரிக்கும் எனுக்கு மூச்சே வராது நைனா" என்பார். "கீய ஆளு நிக்கறான் இல்ல? அங்க வாயால கத்துனா எவன் காதுல வுயும்? கைதான் பேசணும்."

இருபது வருஷமாகப் பேசிப் பழகிய கை வேறு இடங்களில் மட்டும் சும்மா இருக்குமா? டீக்கடையில் பால் ஊற்றும்போது கட்டைவிரல் தூக்குவார். வீட்டில் குழம்பு ஊற்றும்போது முஷ்டி காட்டுவார். மைத்துனன் கல்யாணத்தில் மேளக்காரரை நிறுத்தி வைத்துவிட்டார் என்றும், தாலி கட்டிய பிறகுதான் அது மற்றவர்களுக்கு நினைவு வந்தது என்றும் சொல்கிறார்கள். அவரைக் கேட்டபோது மறுக்கவில்லை, சிரிக்கத்தான் சிரித்தார்.

நூலகத்துக்கு வருகிறாரே தவிரப் புத்தகத்தைத் தொட்டதில்லை. "எயுத்து நம்ப கிட்ட நிக்காது சாரு, ஓடிப்பூடும்." காதில் வாங்கிக்கொண்டு போவதை ராத்திரி மனைவி வரலட்சுமிக்குச் சொல்வார். சர்க்கார் அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்ததிலிருந்து அந்த அம்மாள் துறைமுக வாசலில் கூடை வைத்து இட்லி விற்கிறார். நடுப்பகல்தான் வியாபாரம், ஆகையால் கூட்டத்துக்கு வர முடியாது. மாவு ஆட்டிக்கொண்டே, "இன்னிக்கு யாரு வந்தாங்கோ, இன்னா சொன்னாங்கோ?" என்று கேட்பாராம். இவர் எதிரே நின்று முழுவதையும் நடித்துக் காட்டுவார். கொஞ்சம் கூடுதலாகவே காட்டுவார் போலிருக்கிறது. தேனீக்களின் ராணி பல்லக்கில்தான் போவாள் என்று வரலட்சுமி எனக்கு இட்லி வைத்துக்கொண்டே விவரம் சொன்னார்.

ஒரு சமாசாரம் மட்டும் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. கப்பலில் காட்டுகிற அந்த இரண்டு கை விரிப்பைப் பக்தவச்சலம் கூடத்தில் ஒருநாளும் காட்டியதில்லை. ஏன் என்று கேட்டேன்.

"பேச்சு எறங்கனாத்தானே சாரு காட்டறது? அதுக்குள்ள சங்கு வந்து அந்தரத்துலயே அறுத்துடுதே" என்றார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, புலவர் ஆறுமுகநயினார் வரும் வரை. திருநெல்வேலிப் பக்கத்தவர். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று யானைக்கவுனியில் மகன் வீட்டில் இருக்கிறார். பழங்காலத் துறைமுகங்கள் என்பது தலைப்பு. வெண்கலக் குரல். பக்தவச்சலத்தின் விரலுக்கு வேலையே இல்லை. முத்தும் மிளகும் குதிரையும் வந்திறங்கின கதையைத் துறைமுகத்து ஆட்கள் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். புலவருக்கும் குஷி வந்துவிட்டது. "அக்காலத்தில் மூட்டை சுமந்தவர்கள் களைப்புத் தீரக் கள் குடித்தார்கள்" என்றார்.

சரியாக அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே எஞ்சின் புகை தெரிந்தது. வண்டி போகும்வரை பேச்சை நிறுத்தச் சொல்லிப் பக்தவச்சலம் முஷ்டியை மடக்கி உயரத் தூக்கினார்.

கள் என்றதும் கூட்டம் சிரித்தது. சிரித்த கூட்டம் வழக்கப்படி பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தது. புலவர் கண்ணில் பட்டது கட்டுமஸ்தான ஓர் ஆளும் அவனுடைய முஷ்டியும்தான். மதுவிலக்கு நடக்கிற ஊரில் கூலிக்காரர்களைக் குடிகாரர்கள் என்று சொல்லிவிட்டோம், அடி விழப்போகிறது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அங்கவஸ்திரத்தைச் சுருட்டிக்கொண்டு மேடையைவிட்டு இறங்கியவர், வாசலில் நூலகர் ஆசீர்வாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

"என்னவே, பேசக் கூப்பிட்டுட்டு ஆளை வச்சு அடிக்கப் பாக்கீரா?"

ஆசீர்வாதமும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்தான். சாது. அவர் பாவம், கையையும் காலையும் ஆட்டி எல்லாவற்றையும் விளக்கினார். அதற்குள் கூட்ஸ் வண்டி வந்துவிட்டது. ஒரு சொல்லும் புலவர் காதில் ஏறவில்லை. கடைசிப் பெட்டி கடந்தபோது அவருடைய ரிக்‌ஷா தெருமுனை திரும்பிவிட்டது.

பகல் கூட்டங்களே மேலிடத்துக்குப் பிடித்தமில்லாத விஷயம். புகார் என்று ஒன்று போய்ச் சேர்ந்தால் கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். ஆசீர்வாதம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு பக்தவச்சலத்தைக் கூப்பிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. நீங்க தாராளமா வரலாம். கையை மட்டும் மடியில வச்சுக்கிடுங்க."

"அத்த கட்டிப் போட்டுகினு காத மட்டும் எப்டி சார் தொறந்து வெக்கறது?" என்றார் இவர். ஆனாலும் அடுத்த வாரம் வந்தார். ஒரு பெண்மணி பாடினார். பக்தவச்சலம் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தார். புகை தெரிந்ததும் வலது கை தானாக வெளியே வந்துவிட்டது. அதை இடது கையால் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே போனார். அதன் பிறகு அந்த ஜன்னலோரம் காலியாகக் கிடந்தது. பாட்டும் பேச்சும் ரயிலோடு மல்லுக்கட்டித் தோற்றுக்கொண்டிருந்தன.

ஒருநாள் வரலட்சுமி இட்லியைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "குமாஸ்தா சாரு, திமிங்கலம் வவுத்துக்குள்ள மெய்யாலுமே வூடு கட்டிகினு இருக்கலாமா?" என்று கேட்டார்.

"யாரம்மா சொன்னது?"

"புதங்கெயம உங்க கூட்டத்துல சொன்னாங்களாமே. எங்க வூட்டுக்காரருதான் சொல்லிகினு இருந்தாரு."

அந்தப் புதன்கிழமை நடந்தது பல் சுகாதாரம் பற்றிய பேச்சு. நான் தலையை ஆட்டி, "பெரிய திமிங்கலமாக இருந்தால் கட்டலாம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

அடுத்த புதன்கிழமை பகலில் அவரைத் தேடிப் போனேன். கிடங்குச் சுவரின் நிழலில் தனியாகக் குந்தியிருந்தார்.

"அவளாண்ட இன்னான்னு சொல்றது சாரு? ஆள அடிக்கப் போனேன்னு வெளிய தள்ளிட்டாங்கன்னா?" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "யானை சொன்னேன், திமிங்கலம் சொன்னேன். சரக்கு தீந்துகினே வர்து. இன்னிக்கு ராவுக்கு இன்னா சொல்றதுன்னே தெர்ல. பேஜாரா கீது."

எனக்கு மனசு தாங்கவில்லை. பல் சுகாதாரத்தை இரவல் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், ஆனால் அவருக்கு அது ருசிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

இது இப்படியே முடிந்துவிட்டிருந்தால் எழுதவே மனம் வந்திருக்காது. நல்லவேளையாகப் புலவரின் தங்கை மகனுக்குப் பினாங்கில் வேலை கிடைத்தது. கப்பலேற்றி அனுப்புவதற்காகப் புலவர் துறைமுகத்துக்கு வந்தார். அன்று சாயங்காலமே மூச்சு வாங்க நூலகத்துக்குள் நுழைந்தார். நான் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தேன்.

"வே ஆசீர்வாதம், அந்த மனுசன் என்னைய அடிக்க வரலவே" என்றார், நாற்காலியில்கூட உட்காராமல். "இன்னைக்குக் கப்பல்ல பாத்தேன். வீடு தண்டி பெருசா ஒரு பெட்டி அந்தரத்துல தொங்குது. கீழ நாலு பேரு நிக்கான். இவன் கையை மடக்கித் தூக்கினான் பாரும், பெட்டி அப்படியே நின்னுட்டு. அவ்வளவு பெரிய இரும்பு அவன் சொன்னதைக் கேக்கு. நான் கேக்காம ரிக்‌ஷா ஏறிட்டேனே."

ஆசீர்வாதம் ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினார். புலவர் வாங்குவதற்கு முன் தாமே பாதியைக் குடித்துவிட்டார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. முகம் தெளிந்த ஆசீர்வாதத்தைப் பார்த்துப் பல வாரங்களாகியிருந்தன.

பக்தவச்சலத்தைக் கூப்பிட நூலகரே துறைமுக வாசலுக்குப் போனார். சமாசாரம் அங்கே இட்லிக் கூடைக்குப் பக்கத்தில் வைத்து உடைந்துபோயிற்று. வரலட்சுமி கணவரை ஏற இறங்கப் பார்த்து, "அப்போ திமிங்கலம்?" என்று மட்டும் கேட்டாராம்.

பேச்சை முடித்துக் கொடுக்கப் புலவர் ஒப்புக்கொண்டிருந்த அடுத்த புதன்கிழமை அந்த அம்மாள் கூடையைச் சீக்கிரமே மூடிவிட்டு, பெண்கள் பக்கத்தில் முதலாவதாக வந்து உட்கார்ந்துவிட்டார். பக்தவச்சலம் தலைக்கு எண்ணெய் வைத்து, சட்டை மாற்றி, ஜன்னலோரம் வந்தார். புலவர் மேடையேறி, விட்ட இடத்திலிருந்தே தொடங்கினார்.

"களைப்புத் தீரக் கள் குடித்தார்கள் என்றேன். இன்று யாரும் அடிக்க வரமாட்டீர்களே?"

சிரிப்பில் கூடம் அதிர்ந்தது. பிறகு கடல் வழியும் காற்றும் கலங்கரை விளக்கமுமாகப் பேச்சு ஓடியது. புகை தெரிந்தது. முஷ்டி உயர்ந்தது. "மரக்கல" என்ற இடத்தில் புலவர் நின்றார். திறந்த வாய் திறந்தபடி இருக்க, நீட்டிய கை நீட்டியபடி இருக்க, நீளமான வண்டி ஒன்று கடகடவென்று முழுவதும் கடந்து போகும்வரை அசையவில்லை. கட்டைவிரல் உயர்ந்தது. "மரக்கலங்கள்" என்று தொடர்ந்தார். வரலட்சுமி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

சங்கு நேரம் நெருங்குவது எங்கள் எல்லோருடைய உடம்புக்கும் பழக்கத்தில் தெரியும். பக்தவச்சலத்தின் உள்ளங்கை கவிழ்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தாழத் தொடங்கியது. புலவர் அதையே பார்த்துக்கொண்டு குரலை இறக்கினார். கடல்மேல் போனவர்களைக் கரைக்குக் கொண்டுவந்தார், கரைக்கு வந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார், வீட்டில் விளக்கேற்றினார். கடைசிச் சொல் விழுந்து, ஒரு மூச்சு விடும் நேரம் கழித்துத்தான் சங்கு ஊதியது.

அன்றைக்கு யாரும் முண்டியடித்து எழவில்லை. புலவரும் மேடையைவிட்டு இறங்காமல் பின்வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்தவச்சலம் எழுந்தார். முன்னால் இருந்த தலைகளை, சுவரோரம் நின்றவர்களை, பெண்கள் பக்கத்தை ஒருமுறை நிதானமாகக் குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினார்.