நன்றியுரையின் நான்கு நிமிடங்கள்

“உன்னை ஆர் அனுப்பினது?”

மொன்றியலின் புறநகரான ரொக்ஸ்பரோவில் அந்த அக்கா கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே கேட்டார். இலங்கையில் போர்நிறுத்தம் இருந்த வருடங்கள் அவை. எனக்கு இருபது வயது. டவுன்டவுனில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். வகுப்பு இல்லாத நேரத்தில் மூன்று பேர் மட்டும் இருந்த ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை செய்தேன். மன்னார்க் கரையில் ஒரு கிராமம். அங்கே கத்தோலிக்கத் தமிழரும், துரத்தப்பட்டுப் பல வருடம் கழித்துத் திரும்பி வந்த முஸ்லிம்களும் சேர்ந்து ஒரு குழு அமைத்திருந்தார்கள். எந்தப் படகை எந்தக் கரையில் ஏற்றுவது என்பதிலிருந்து பேசத் தொடங்கியிருந்தார்கள். அந்தக் குழுவுக்கு உதவுவதுதான் எங்கள் அலுவலகத்தின் வேலை. அதற்கு முன், இங்கே இருக்கும் அந்த ஊர்க்காரரையும் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்றார் எங்கள் பொறுப்பாளர், ஒரு கியூபெக் பெண்மணி.

நான் அதை முழுதாக நம்பினேன். சமாதானத்தைப் பற்றி மூன்று பாடம் படித்திருந்தேன் அல்லவா!

“ஒருத்தரும் அனுப்பேல்லை அக்கா. நானா வந்தனான்.”

“நானா வந்தனான் எண்டு சொல்லுறவையைத்தான் கூடப் பயப்பிட வேணும்.”

சங்கிலி கழன்றது. தேநீர் வந்தது. அதன் பிறகும் அவர் பார்வை என் பையைவிட்டு அகலவில்லை. “உதுக்குள்ள டேப் ஒண்டும் ஓடேல்லைத்தானே?” பையைத் தலைகீழாகக் கொட்டிக் காட்டினேன். புத்தகம், மெட்ரோ டிக்கெட், பாதி தின்ற மஃபின். அப்போதுதான் முதல்முறை சிரித்தார்.

அவருடைய தம்பி அந்தக் குழுவின் செயலாளர். யாருடைய ஆள் என்று இராணுவமும் இயக்கமும் விசாரிக்கும் இடத்தில் அவர் இருந்தார். அக்கா ஒன்றைத்தான் கேட்டார்.

“நான் கூட்டத்துக்கு வாறன். கதைக்கிறன். ஆனா தம்பி அதில இருக்கிறான் எண்டு இஞ்ச ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. இஞ்ச சொன்னா நாளைக்கு அங்க தெரியும்.”

சத்தியம் செய்தேன். செய்ததோடு நிற்கவில்லை. எல்லோரையும் சந்தேகிக்கத் தொடங்கினேன். வந்தவர் பெயர் எழுதும் வரவுத்தாள் வைக்க மாட்டேன் என்று பொறுப்பாளரோடு சண்டை பிடித்தேன். அழைப்பைத் தாளில் அடிக்காமல் ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொன்னேன். அதிலும் என் பெயரைச் சொல்லவில்லை. இதனால் பாதிப் பேர் பயந்து வராமலே விட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஞாயிறு பூசைக்குப் பிறகு, எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில் கூட்டம். இருபது பேரளவில் வந்தார்கள். முன்வரிசைக் கதிரைகள் காலி. எல்லோரும் சுவரில் முதுகு படுகிற மாதிரிப் பின்னால் இருந்தார்கள். கதவடியில் ஒருவர் குளிர் ஜாக்கெட்டைக் கழற்றாமல் நின்றார். நான் அவரையே கவனித்துக்கொண்டிருந்தேன். மண்டபத்தின் நடுவில் வீடியோக் காமெராவோடு நின்றவரைக் கவனிக்கவில்லை. அவர் கர்க்லாண்டில் இருக்கும் ஓர் அண்ணை. பிள்ளைகளின் முதல் நன்மைப் பூசை, கலியாணம், செத்தவீடு எதுவாக இருந்தாலும் அவர்தான் படம் பிடிப்பார். யாரும் கூப்பிடுவதில்லை. அவரும் கேட்பதில்லை. மண்டபத்து மேசைகளைப் போல அவரும் அங்கே இருப்பார், அவ்வளவுதான்.

கூட்டம் நான் பயந்ததைவிட நன்றாகவே போனது. அந்தக் கிராமத்து முஸ்லிம் அம்மா ஒருவர், மொன்றியலில் மகனோடு இருப்பவர், எழுந்து கேட்டார்: “எல்லாரையும் சேத்துத்தான் குழு எண்டு சொல்றீங்க. ஊர்ல கூட்டம் கோயில் மண்டபத்துல. எங்கட பொம்பளையள் எப்பிடி வாற? பள்ளிக்கூடத்துல வைக்கச் சொல்லுங்க.” படித்த நாங்கள் ஒருவரும் அதை யோசித்திருக்கவில்லை. அக்காவும் கதைத்தார். “அங்க ஒருத்தர் சொன்னவர்” என்றுதான் ஒவ்வொரு வசனத்தையும் தொடங்கினார். கெட்டிக்காரி.

முடிவில் யாரோ சொன்னார்கள்: “பிள்ளை, ஒரு நன்றியுரை சொல்லும்.”

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நன்றியுரைக்குப் பரிசு வாங்கிய ஆள் நான். எங்கள் விழாக்களில் நன்றியுரை என்றால் ஒருவரையும் விடக்கூடாது. தேநீர் ஊற்றியவர் பெயர் விட்டுப்போனால் அவர் மூன்று வருடம் முகம் கொடுக்க மாட்டார். வாய் தானாக ஓடியது. மண்டபம் தந்த பங்குச் சுவாமிக்கு, கதிரை அடுக்கியவர்களுக்கு, சாப்பிடப் பற்றீஸ் கொண்டுவந்த ரொக்ஸ்பரோ அக்காவுக்கு. அந்த அக்காவின் பெயரைச் சொன்னேன். அதோடு விட்டேனா? “அங்கே செயலாளராக இருந்து அயராது உழைக்கும் அவரது அன்புத் தம்பிக்கும்...”

கை தட்டுவதற்காக நிறுத்தினேன். யாரும் தட்டவில்லை. ஒரு கரண்டி கோப்பையில் இடிபடும் சத்தம் மட்டும் கேட்டது.

வாகனத் தரிப்பிடத்தில் அக்காவின் பின்னால் ஓடினேன்.

“நான் உன்னட்ட ஒண்டுதானே கேட்டனான்?”

“அக்கா, இருபது பேர்தானே...”

“இருபது பேர் மறந்தாலும் மறப்பினம். கசெற் மறக்குமோ? அது வீடு வீடாப் போகும். பேந்து ஊருக்கும் போகும்.”

அடுத்த நாளே கர்க்லாண்டுக்குப் போனேன். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் அந்த அண்ணையைப் பற்றியே யோசித்தேன். ஏன் எல்லா நிகழ்ச்சிக்கும் வருகிறார்? அவ்வளவு கசெற்றுகளையும் என்ன செய்கிறார்? கதவைத் திறந்தவர் என்னை அதே சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

“கசெற்றோ? ஆர் கேக்கச் சொன்னது? சனத்தின்ர முகமெல்லாம் இருக்கு. நீர் அதை ஆரிட்டக் குடுக்கப் போறீர்?”

“அழிக்கத்தான் அண்ணை.”

“அழிக்கிறன் எண்டு வாங்கிக்கொண்டு போறவையையும் நான் கண்டிருக்கிறன். நீர் பேர் சொன்ன அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாரும். அவவுக்கு முன்னால அவவைப் பற்றின துண்டை மட்டும் அழிக்கிறன். மற்றவை கதைச்சது அவையின்ர சாமான்.”

புதன்கிழமை பின்னேரம் மூவரும் அவருடைய வரவேற்பறையில் இருந்தோம். அலுமாரியில் கூரைவரை கசெற்றுகள். அக்காவின் கண் அங்கேயே நின்றது. தொலைக்காட்சியில் நான் கையை ஆட்டி ஆட்டி நன்றி சொல்வதைப் பார்க்க வேண்டியிருந்தது. அண்ணை கசெற்றைப் பின்னுக்கு ஓடவிட்டு, லென்ஸுக்கு மூடியைப் போட்டு, அந்த இடத்தின் மேல் வெறுங்கறுப்பைப் பதிவதற்காகப் பதிவுப் பொத்தானில் விரலை வைத்தார்.

“சத்தம் பிடிபடும். ஒருத்தரும் கதைக்கக்கூடாது.”

நான்கு நிமிடம். ஒருவரை ஒருவர் நம்பாத மூன்று பேர், மூச்சையும் மெல்ல விட்டபடி இருந்தோம். எனக்கு இருமல் வந்தது, கையைக் கடித்துக்கொண்டேன். அதைக் கண்ட அக்கா தன் சால்வையின் நுனியை என்னிடம் நீட்டினார். வாயில் அடைத்துக்கொண்டேன். சமாதானத்துக்காக நான் உருப்படியாகச் செய்த முதல் வேலை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

முடிந்ததும் அக்கா கேட்டார்: “இந்தக் கசெற்றுக்கு வேற கொப்பி இருக்கோ?”

“இல்லை.”

“உண்மையா?”

“பிள்ளை, நான் சொன்னா நம்பப் போறீரோ?”

அக்கா சப்பாத்தைப் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து, குழு பள்ளிக்கூடத்தில் கூடத் தொடங்கிவிட்டதாக அலுவலகத்துக்குக் கடிதம் வந்தது. கீழே செயலாளராக வேறு ஒருவரின் கையெழுத்து. உடனே அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“தம்பி இருக்கிறாரோ அக்கா?”

“இருக்கிறான். நேற்றும் எடுத்தவன். கூட்டத்துக்குப் போறான், ஆனா கையெழுத்து வைக்கிறேல்லை. நான்தான் வேண்டாம் எண்டனான்.” பிறகு சொன்னார்: “அந்தக் கசெற் சுத்தித் திரியுது, தெரியுமோ? கடைசியில நாலு நிமிசம் ஒரே கறுப்பாம். மறைக்கிற அளவுக்கு அதில என்ன இருந்தது எண்டு சனம் கேக்குதாம்.”

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“உன்னட்டையும் வந்து கேப்பினம்,” என்றார். “வாயைத் திறக்காம சும்மா நில்லு. நன்றியும் சொல்லாதை.”