எல்லையில் நின்ற சீர்வண்டி

தேர்தல் வந்தால் எங்கள் வீட்டில் சோறு குழைந்துவிடும். அடுப்படியில் நிற்பவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொகுதிக் கதை சொன்னால் வேறென்ன ஆகும்? என் வீட்டுக்காரருக்கு ஓசூரில் எவர்சில்வர் பாத்திரக் கடை. வியாபாரம் வயிற்றுக்கு, தேர்தல் உயிருக்கு. கிருஷ்ணகிரி நாடாளுமன்றத் தொகுதியின் எல்லை எங்கே போகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஊத்தங்கரை, பர்கூர், கிருஷ்ணகிரி, வேப்பனஹள்ளி, ஓசூர், தளி என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகளையும் விரல் மடக்கி ஒப்பிப்பார். பாத்திரம் வாங்க வந்தவர்கள் பாதிக் கதையில் நழுவிப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

அவர் பிறந்தது காவேரிப்பட்டணம். முன்பெல்லாம் அதுவே ஒரு சட்டமன்றத் தொகுதியாக இருந்தது. எல்லைகளை மாற்றி வரைந்தபோது அதை எடுத்துவிட்டார்கள், வேப்பனஹள்ளி புதிதாக வந்தது. "நம்ம தொகுதியையே தூக்கிட்டாங்க" என்று அன்று இரவு சாப்பிடாமல் படுத்தவர் இவர். "தூக்கினா என்னாங்க, ஊரு அங்கயேதான இருக்குது? எழுந்து சாப்புடுங்க" என்றேன். "உனக்கு என்னா தெரியும்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இப்போது நாடு முழுக்க மறுபடியும் தொகுதிகளை வரையப் போகிறார்கள் என்ற பேச்சு அடிபடுகிறது. செய்தி போட்டால் நெஞ்சைத் தடவிக்கொண்டே பார்க்கிறார். எனக்கோ தொகுதி எல்லை என்றாலே என் மகளின் நிக்காஹ் நாள்தான் ஞாபகம் வரும்.

மாப்பிள்ளை வீடு ஆனேக்கல். ஓசூரிலிருந்து கூப்பிடு தூரம்தான், ஆனால் கர்நாடகா. அவர்களும் எங்களைப் போலத் தமிழ் பேசும் முஸ்லிம்கள்தான். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். மண்டபம் கிடைத்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அது நாடாளுமன்றத் தேர்தல் நேரம்.

"தேர்தல் நேரத்துல வேணாங்க, வண்டிய நிறுத்தி உசுர எடுப்பாங்க" என்றேன்.

"நமக்கு வெள்ளிக்கெழமையே ஓட்டுப் போட்டு முடிஞ்சிருது. ஞாயித்துக்கெழமை எவன் கேக்கப்போறான்? தேர்தலப் பத்தி நீ எனக்குச் சொல்றியா?"

எல்லாம் தெரிந்த மனுஷன் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். எங்களுக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை. ஆனேக்கல் பெங்களூர் ஊரகத் தொகுதி, அவர்களுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை. அது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவருடைய தொகுதி எல்லையோரத்து ஜூஜூவாடியோடு முடிகிறது, அவருடைய தேர்தலும் அங்கேயே முடிந்துவிட்டது. சேலத்துக்காரன் இந்தத் தப்பைச் செய்யமாட்டான், பெங்களூர்க்காரனும் செய்யமாட்டான். இந்தக் கோட்டின் மேலேயே குடியிருக்கிற எங்களால்தான் முடியும்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். பெண் கொடுத்தால் மாப்பிள்ளையின் தெருவில் வீட்டுக்கு ஓர் எவர்சில்வர் டப்பா கொடுப்போம், உள்ளே இனிப்பு வைத்து. சொந்தக்காரர், அசலார் என்ற பேதமெல்லாம் கிடையாது, ஒரு வீடு விட்டுப்போனாலும் மனக்குறை. அவர் தன் கடையிலிருந்தே பளபளவென்று டப்பாக்களை எடுத்துக் குட்டியானை வண்டி நிறைய அடுக்கினார். மேலே சம்பந்தி வீட்டுப் பெண்களுக்கான புடவைக் கட்டுகள். வண்டியில் அவர். பின்னால் காரில் நான், மணப்பெண்ணாக என் மகள், என் தம்பி.

ஜூஜூவாடிச் சாவடியில் எங்களைக் கையசைத்து விட்டுவிட்டார்கள். "பாத்தியா?" என்று அவர் வண்டியிலிருந்து திரும்பிச் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கோட்டைத் தாண்டி, கர்நாடகாவின் அத்திப்பள்ளிச் சாவடியில் அந்தச் சிரிப்பு போயிற்று. தார்ப்பாயைத் தூக்கிய காவலர், உள்ளே பார்த்ததும் பெண் அதிகாரி ஒருவரைக் கூப்பிட்டார். கூடவே வீடியோ எடுக்கும் ஆளும் வந்தார்.

"இது யாரிகெ?" என்றார் அந்த அம்மா. யாருக்கு என்று கேட்கிறார். மரியாதையாகத்தான் கேட்டார்.

இவருக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. அதுதான் வினை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "மனெகொந்து மேடம்! ஒந்து மனெனூ பிடல்ல!" என்றார். வீட்டுக்கு ஒன்று, ஒரு வீட்டைக்கூட விடமாட்டோம்.

யா அல்லாஹ்! காருக்குள் நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஓட்டுப் போட இன்னும் நாலைந்து நாள் இருக்கிற ஊரில், வண்டி நிறையப் பாத்திரத்தோடு வந்து நின்று, கேமரா முன்னால் ஒரு மனுஷன் சொல்கிற பேச்சா இது?

அதிகாரி பில் கேட்டார். "சொந்தக் கடைச் சரக்கு மேடம், பில்லு எதுக்கு?" என்றார். நான் இறங்கி ஓடிப்போய்க் கல்யாணப் பத்திரிகையைக் காட்டினேன். பொறுமையாகப் படித்தார். கல்யாணம் உண்மை என்றே நினைக்கிறேன், ஆனால் எல்லோரும் கல்யாணம் என்று சொல்லித்தான் கொண்டுவருகிறார்கள், பெரிய அதிகாரி வந்து பார்க்காமல் விட முடியாது என்றார். நாங்கள் போகலாமாம். சரக்குக்குச் சொந்தக்காரர் மட்டும் இருந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டுமாம்.

"பெரிய அதிகாரி எப்ப வருவாருங்க?"

"வந்துகொண்டிருக்கிறார்."

அதற்குள் சம்பந்தியிடமிருந்து போன். "எங்க இருக்கீங்க? நிக்காஹ் ஓதுற ஹஜ்ரத் வந்துட்டாரு. அவருக்கு லுஹர் தொழுகைக்கு அப்புறம் வேற ஊருல இன்னொரு நிக்காஹ். மண்டபத்த சாயங்காலம் வேற பார்ட்டிக்கு வுடணும்." குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பெண்ணின் தகப்பனைச் சோதனைச்சாவடியில் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று எந்த வாயால் சொல்வது? நாளைக்கு ஒரு சின்னச் சண்டை வந்தால் இதை வைத்தே என் பிள்ளையைக் குத்திக் காட்டமாட்டார்களா? "வந்துட்டே இருக்கோங்க" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன்.

தகப்பன்தான் நின்று பெண்ணைக் கொடுக்க வேண்டும். அவர் நிற்க முடியாவிட்டால் இன்னொருவருக்கு வாய் திறந்து அனுமதி சொல்ல வேண்டும். மகள் காருக்குள் அழுதுகொண்டிருந்தாள். "அத்தா வராம நான் போவல. நிக்காஹ் நின்னா நிக்கட்டும்."

அவர் கார் ஜன்னலில் குனிந்து அவளைப் பார்த்தார். "கிறுக்கு மாதிரி பேசாத. போ. அத்தா பின்னாலயே வர்றேன்" என்றார். பிறகு என் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், என் புள்ளைய எனக்குப் பதிலா நீங்க நின்னு நிக்காஹ் செஞ்சு குடுங்க. நான் அனுமதி தர்றேன்" என்றார். லாரி இரைச்சலில் பாதி காதில் விழவில்லை. தம்பி, "இன்னொரு தடவ சொல்லுங்க மச்சான்" என்றான். இரண்டாவது தடவை ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார். அந்தப் பெண் அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

அவரைத் திட்டுவதற்கு என்னிடம் ஒரு வண்டி வார்த்தை இருந்தது. "தண்ணியாவது குடிங்க" என்று பாட்டிலைக் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டேன்.

நிக்காஹ் முடிந்தது. அதற்கப்புறம்தான் சம்பந்தியிடம் விஷயத்தைச் சொன்னேன். "இத மொதல்லயே சொல்லக்கூடாதாம்மா?" என்று மண்டப ரசீதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு பைக்கில் அத்திப்பள்ளிக்குக் கிளம்பிவிட்டார். சாப்பாட்டுப் பந்தி நடந்தது. எல்லோரும் பெண்ணின் அத்தா எங்கே என்று கேட்டார்கள். மகள் ஒரு பருக்கை தொடவில்லை. நானும்தான்.

அவரைச் சம்பந்தி கூட்டிவந்தபோது பிரியாணிச் சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலத்துக்காரர்கள் மேடையில் தங்கள் பூச்சரங்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. டப்பாக்கள் என்ன ஆயின என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மகள் எழுந்து நின்றாள். அவர் அவளைப் பார்க்காமல் நேரே என் தம்பியிடம் போனார்.

"நிக்காஹ் ஓதுறப்ப, இன்னாரு மகள்னு என் பேரச் சொன்னாங்களா?"

"சொல்லாம எப்பிடி மச்சான்? சொன்னாங்க."

"மைக்குல கேட்டுச்சா?"

"கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு."

அதற்குப் பிறகுதான் மகளைப் பார்த்தார்.