முதலாளி வீட்டு நாஷ்டா

அந்த எவர்சில்வர் தட்டின் நடுவில் ஒரு தாமரைப் பூ கீறியிருக்கும். இட்லி வைத்துச் சாம்பார் ஊற்றினால் பூ மறைந்துவிடும். கடைசி வாயை வழித்துச் சாப்பிட்டதும் மறுபடி தெரியும். பூ தெரிந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். என் வாழ்க்கையில் நான் நடத்திய பேச்சுவார்த்தைகள் எல்லாமே அந்தப் பூவில் போய்த்தான் நின்றன.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். உத்திரமேரூரில் ஒரு நெல் மில்லில் நான் சூப்பர்வைசர். மில்லை ஒட்டியே முதலாளியின் வீடு. அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, வெயில் ஏற ஏறக் காலால் துழாவிக் காயவைப்பது பெண்களின் வேலை. அவர்களுக்கென்று கழிப்பறை கிடையாது. பின்னால் இருந்த வேலிகாத்தான் புதர்தான் மறைவு. ஒரு நாள் பொக்லைன் வந்து அதை மொத்தமாக வழித்துவிட்டது. மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டு வீட்டு மனையாக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டார்கள். நீர்க்கடுப்பு என்று ஒருத்தி அழுவாள், அடக்கிக்கொள் என்று இன்னொருத்தி அதட்டுவாள். கடைசியில் ஒருத்தி காயும் நெல்லின் மேலேயே மயங்கி விழுந்தாள்.

களத்து வேலையை முன்னின்று நடத்திய அக்கா அன்றைக்கே என்னிடம் வந்தது.

“நீதான் நல்லா பேசுவியே. சிரிக்க வெச்சே எங்களாண்ட வேலை வாங்குறல்ல? போய் மொதலாளியாண்ட ஒரு கக்கூஸு கட்டச் சொல்லு.”

உண்மைதான். என் தலைமைப் பண்பு என்பது மொத்தமும் நாலு நகைச்சுவைத் துணுக்குதான். அதை நம்பிப் போனேன்.

முதலாளி நல்லவர். அதுதான் பிரச்சினையே. கத்துகிற முதலாளி என்றால் நாமும் கத்திவிட்டு வரலாம். இவர் யாருக்கும் முடியாது என்று சொன்னதே இல்லை. குறை சொல்ல யார் போனாலும் முன்னால் தட்டு வந்துவிடும். “மொதல்ல நாஷ்டா துன்னுப்பா. வயிறு காஞ்சிக்கினு பேசினா வார்த்தை சரியா வராது” என்பார். வாய் நிறைய இட்லியை வைத்துக்கொண்டு எவன் கோரிக்கை வைப்பான்? அதுவும் சாம்பார் மணக்கிற இடத்தில் கக்கூஸ் என்று எப்படி ஆரம்பிப்பது? அம்மாவின் முட்டிவலியை விசாரிப்பார். சட்னி போதுமா என்பார். பூ தெரியும். எழுந்து வந்துவிடுவேன். அடுத்த முறை கண்ணை மூடிக்கொண்டு சொல்லியே விட்டேன். “பாக்கலாம்பா” என்று சொல்லி இன்னொரு வடை வைத்தார். அதற்கடுத்த முறையும் பாக்கலாம்தான், அன்றைக்குப் பூரி.

களத்தில் எனக்கு வரவேற்பு பலமாக இருந்தது.

“இன்னா சூப்ரவைசரு, இன்னிக்கு இன்னா குட்த்தாரு?”

“வடை.”

“அதுலயாவது ஒரு ஓட்டை கீது. எங்களுக்கு அதுகூட இல்ல.”

நகைச்சுவையில் என்னைத் தோற்கடித்துவிட்டார்களே என்ற வருத்தம் வேறு.

ஒரு நாள் காலை, நெல்லைப் பரப்பிய கையோடு அக்கா எல்லாப் பெண்களையும் கூட்டிக்கொண்டு நேராக முதலாளி வீட்டுக்குள் போனது. “சூப்ரவைசருக்கு மட்டும்தான் நாஷ்டாவா? எங்களுக்கும் பசிக்குது மொதலாளி.” சோறு போடுவதில் பெயர் வாங்கிய மனிதர் எப்படி மறுப்பார்? கூடத்தில் வரிசையாக இலை விழுந்தது. பல நாள் தாகத்துக்கும் சேர்த்துச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார்கள். நான் வாசற்படியோடு நின்றுவிட்டேன்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்தது. “சாப்பாடு அம்சமா இருந்துச்சு. தண்ணியும் வயிறு முட்டக் குடிச்சாச்சு. இப்ப நாங்க எங்க போறது? நீங்களே சொல்லுங்க.”

“பாக்கலாம்மா.”

ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. வெளியே துழாவாத நெல் ஒரு பக்கமாகக் காய்ந்துகொண்டிருந்தது. அப்படிக் காய்ந்தால் அரைக்கும்போது பாதி நொய்யாகிவிடும். முதலாளி ஜன்னலைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். உள்ளேயிருந்து முதலாளியம்மாதான் வந்தார். “இன்னாத்த பாக்கப் போற நீ? எல்லாம் வூட்டுப் பின்னால வாங்கடி” என்று தம் வீட்டுக் கழிப்பறையைத் திறந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து, அரிசி வியாபாரிகள் உட்கார்ந்து விலை பேசும் கூடத்தின் நடுவே பெண்கள் வரிசையாகப் போய் வந்தார்கள். சீக்கிரமே கொத்தனார் வந்தார், செங்கல் வந்தது. முதலாளி என் தோளில் கை போட்டு, “இத நீ மொதல்லியே சொல்லியிருக்கக் கூடாதாப்பா?” என்றார். எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது என்று பார்த்தேன். ஒரு சுவர் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது.

இப்போது ஒரு பெரிய கம்பெனியில் வேலை. கழிப்பறை பளபளவென்று இருக்கிறது. ஆனால் அசெம்பிளி லைனில் நின்று வேலை செய்யும் பெண்கள் அங்கே போக வேண்டுமானால் மாற்று ஆள் வர வேண்டும். மாற்று ஆள் வருவதில்லை. அவர்களும் தண்ணீர் குடிப்பதில்லை. போன மாதம் எங்களுக்குத் தகவல் தொடர்புத் திறன் பற்றி ஒரு வகுப்பு நடந்தது. இதைச் சொல்லலாம் என்று கையைத் தூக்கினேன். “அருமையான பாயின்ட் சார். டீ குடிச்சிட்டுப் பேசலாம்” என்றார் பயிற்சியாளர். காகிதத் தட்டில் சமோசாவும் கேக்கும் வந்தன. பழக்கம் விடுமா? முழுவதும் சாப்பிட்டேன். அடியில் பூ எதுவும் இல்லை.

எழுந்து நின்றேன். “சாப்பிட்டாச்சு சார், தண்ணியும் குடிச்சாச்சு. லைன்ல நிக்கிற பொண்ணுங்க எங்க போறது?”

வகுப்பே சிரித்தது. பயிற்சியாளரும் சிரித்து, என் பக்கம் கட்டைவிரலை உயர்த்தினார். சிரிப்பு அடங்கி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அடுத்த துணுக்குக்காக. நான் காலித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன், உட்காரவில்லை.